மதுரைக்குப் போனால் மகாலையும் பார்க்கணுமா?

"மதுரைக்குப் போறீக, சரி. மீனாட்சியக் கும்பிட்டாச்சுன்னா வேலை முடிஞ்சது. அந்த மகாலுக்கு வேற எதுக்குப் போகணும்? வெறும் தூணுதானே நிக்குது!"

வடுகபட்டியில் இந்தப் பேச்சைக் கேட்காத வீடு அபூர்வம். சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இளவயதில் சிநேகிதர்களோடு போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு அது அலுத்துப் போன சமாசாரம். நமக்கு அப்படியா? எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு மதுரை என்றால் மூன்றே மூன்று காரணங்கள். ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, சித்திரைத் திருவிழா. முதலாவதற்குப் போனால் மனசு சரியிருக்காது. இரண்டாவதற்குப் போனால் நேரம் இருக்காது. மூன்றாவதில் கூட்டத்துக்குள்ளே கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் சரியாயிருக்கும். "சும்மா பார்க்கப் போறோம்" என்று ஒரு நாள் கிளம்புவதென்றால், அதற்கு வீட்டில் எத்தனை பேரிடம் சம்மதம் வாங்க வேண்டியிருக்கிறது! அப்படி வருஷத்துக்கு ஒன்றாகக் கிடைக்கிற நாளை, வெறும் தூணுக்குச் செலவு செய்யலாமா என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரியகுளத்துக்குப் பக்கத்தில், வைகை அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது வடுகபட்டி. கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். நாங்கள் பூண்டு ஊர் என்போம். கொடைக்கானல் மலைப்பூண்டு இறங்குகிற சந்தை எங்களுடையது. 2019 இல் அந்தப் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைக்க எங்கிருந்தெல்லாமோ ஆள் விட்டு வாங்கிப் போவார்கள். அந்தப் பூண்டைக் காயவைத்து, தாள் நீக்கி, பெரிசு சிறிசு பார்த்துப் பிரிக்கிற பெண்களின் கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் வாசனை போகாது.

அப்படி ஒரு கைக்குச் சொந்தக்காரர் எங்கள் பக்கத்து வீட்டு மதினி. கணவருடைய வைத்தியத்துக்காக இருபது தடவையாவது மதுரைக்குப் போயிருப்பார். ஒவ்வொரு தடவையும் கையில் பைல், பையில் பிளாஸ்க். மகாலைப் பார்த்தது சினிமாவில் மட்டும்தான். 1995 இல் வந்த 'பம்பாய்' படத்தில் கல்யாண வீட்டுப் பாட்டு வருமே, அது எடுத்த இடம்! "ஏத்தா, அந்தத் தூணை ஒருக்கா கையால தொட்டுப் பாக்கணும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதனால் இந்தத் தடவை பள்ளிக்கூட லீவில் நான், மாமியார், மதினி, ஐந்தாவது படிக்கிற மூத்தவள், இடுப்பில் சின்னவன் என்று ஒரு படையாகவே கிளம்பினோம். பார்த்து வந்த கண்ணோடு, யார் போகலாம், யார் போகவேண்டாம் என்று சொல்கிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். அரண்மனை என்றதும் நம் மனசில் ஒரு படம் ஓடும். ராஜா உட்கார்ந்த சிம்மாசனம், ராணி தூங்கிய கட்டில், அந்தப்புரம், வாள், கேடயம், பெரிய பெரிய அண்டா வைத்த சமையற்கட்டு. அதில் ஒன்றுகூட இங்கே கிடையாது! உள்ளே நுழைந்தால் திறந்தவெளி முற்றம், சுற்றிலும் தூண்கள், எதிரே ஒரு பெரிய மண்டபம், பக்கத்தில் இன்னொரு மண்டபம், அதில் பழைய சிலைகளும் கல்வெட்டுகளும் வைத்த ஒரு காட்சிக்கூடம். அவ்வளவே. குழந்தைகளிடம் "ராஜா வீடு" என்று ஆசை காட்டி அழைத்துப் போனால், "ராஜா எங்கம்மா படுப்பாரு? எங்க சாப்பிடுவாரு?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் விழிக்க வேண்டும். என் பெண் கேட்டது அதுதான்.

வாழ்ந்த வீடாக ஒரு அரண்மனையைப் பார்க்கவேண்டும் என்றால் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் போகவேண்டும். மர வேலைப்பாடும், நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் ஊட்டுப்புரையும், கண்ணாடி மாதிரி மினுங்கும் கறுப்புத் தரையும் அங்கே அப்படியே இருக்கின்றன. குடும்பத் தலைவிகளுக்கு அது விருந்து. ஆனால் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரமா அது? மதுரை நமக்கு எழுபது எண்பது கிலோமீட்டர்தான்.

சரி, அறைகள் எல்லாம் எங்கே போயின? இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு மகால் வேறு மாதிரி தெரியும்.

திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை. திருச்சியிலிருந்து தலைநகரை மதுரைக்குக் கொண்டுவந்தவர் அவர். மகாலைக் கட்டிய வருஷம் 1636 என்பார்கள். அந்தச் சமயம் ஆக்ராவில் ஷாஜகான் தாஜ்மகாலுக்கு அஸ்திவாரம் போட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஒரு மகால், இங்கே ஒரு மகால்! இத்தாலி நாட்டு நிபுணர் ஒருவரின் யோசனைப்படி கட்டியது என்று சொல்வது வழக்கம். வளைவுகளைப் பார்த்தால் ஒரு பக்கம் மசூதியின் சாயல், ஒரு பக்கம் மாதாகோயிலின் சாயல், யாளியைப் பார்த்தால் நம்மூர்க் கோயில். மூன்றும் சண்டை போட்டுக்கொள்ளாமல் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நம் வீட்டில் மூன்று மருமகள்கள் இப்படி இருந்தால் எப்படி இருக்கும் என்று மாமியார் ஒரு பெருமூச்சு விட்டார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அரண்மனைக்கு இரண்டு பெரும் பகுதிகள். சொர்க்க விலாசம், ரங்க விலாசம். அதைத் தவிர நாடகசாலை, ஆயுத சாலை, கோயில், பூங்கா, தடாகம், அந்தப்புரம், உறவினர் வீடுகள், வாத்தியம் வாசிக்கிற மண்டபம். சுற்றிலும் மதில். இப்போது நாம் பார்ப்பது மொத்தத்தில் கால் பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் தலைநகர் மறுபடியும் திருச்சிக்குப் போயிற்று. போகும்போது தாத்தா கட்டிய வீட்டைப் பிரித்து, மரமும் கல்லும் சிற்பமுமாகத் திருச்சிக்கு எடுத்துப் போனாராம், புது அரண்மனை கட்ட. பூர்வீக வீட்டைப் பிரித்துக் கதவு நிலையைப் பங்கு போட்டுக்கொண்டு போகிற பங்காளிகளை நாம் பார்த்ததில்லையா? ராஜா வீட்டிலும் அதே கதைதான்.

மிச்சம் இருந்ததும் இடிந்துகொண்டே வந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு என்ற ஆங்கிலேயர்தான் இதை விட்டால் போய்விடும் என்று பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அப்புறம் கச்சேரிகளும் கோர்ட்டும் இதற்குள்ளேயே நடந்தன. 1970 வரைக்கும் ஜில்லா கோர்ட் இருந்தது இங்கேதான். என் மாமியாருக்கு இது ஒன்றுதான் முதலில் பிடித்தது. அவருடைய அப்பா ஒரு வரப்புத் தகராறுக்காக "மகால் கோர்ட்டுக்கு" வருஷக்கணக்கில் நடந்தவராம். "எங்கய்யா சோத்துப் பொட்டலத்தோட இந்தத் தூணுல சாஞ்சுதான் உக்காந்திருப்பாரு" என்று ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டார். எந்தத் தூண் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 248 தூண்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்! ஆனால் அவர் தேர்ந்தெடுத்துவிட்டார். அதற்குப் பிறகு மகாலைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. இப்போது மகால் தமிழகத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது.

இனி, நான் "போங்கள்" என்று சொல்வதற்கான காரணம். தூண்தான்! ஆண்கள் "வெறும் தூணு" என்று சொல்கிறார்களே, அதே தூண்.

முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். முற்றம் மட்டுமே சுமார் 75 மீட்டர் நீளம், 52 மீட்டர் அகலம். நம் கணக்கில் ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஒரு ஏக்கரில் எத்தனை வாழை வைக்கலாம் என்று மதினி கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். தூண்கள் நாற்பது அடி உயரம். உள்ளே கல், மேலே வளைவுகள் செங்கல், அத்தனைக்கும் மேல் சுண்ணாம்புச் சுதைப் பூச்சு. சொர்க்க விலாசத்தின் நடுவில் இருக்கிற கூண்டு மாதிரியான பெரிய விதானத்துக்கு ஒரு மர உத்திரமோ இரும்புக் கர்டரோ கிடையாது. செங்கலும் சுண்ணாம்பும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கீழே நின்று நினைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பூச்சில் கையை வைத்தால் தெரியும் விஷயம். மழமழவென்று, குளிர்ச்சியாக, பழைய பீங்கான் ஜாடியைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக் கருவைக் கலந்து பூசியது என்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய காரை வீடுகளுக்குக்கூடச் சுண்ணாம்பைச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்துப் பல நாள் புளிக்க வைப்பார்கள். மாவு அரைத்துப் புளிக்க வைக்கிற நமக்கு இது புரியாதா? அவசரப்பட்டால் இட்லி கல்லாகும், அவசரப்பட்டால் காரை வெடிக்கும். சிமெண்டு என்ற பேச்சே இல்லாத நாளில் கட்டியது இது. நம் வைகை அணைக்கும் மேலே, 1895 இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும் கலந்த சாந்தால் எழுந்ததுதான். கம்பம் பள்ளத்தாக்குக்குச் சோறு போடுகிற அணை அது. ஆகையால் சுண்ணாம்பை நாம் லேசாக நினைக்கக் கூடாது.

மதினி தூணைத் தொட்டார். தொட்டது மட்டுமில்லை, கட்டிப்பிடித்தும் பார்த்தார். ஒருத்தி கைக்கு எட்டுமா? நானும் சேர்ந்தேன், மூத்தவளும் சேர்ந்தாள். மூன்று பேர் கை கோத்தும் சுற்றி வரவில்லை. யாரோ வெளியூர்ப் பெண், முன்பின் தெரியாதவர், சிரித்துக்கொண்டே வந்து நாலாவதாகக் கை நீட்டினார். எட்டியது! மதினி முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. "இந்த ஊருக்கு எத்தனை தடவை வந்திருக்கேன், ஒரு தடவைகூடச் சிரிச்சதில்லை பாத்துக்க" என்றார்.

ஒரே ஒரு மனக்கஷ்டம். அந்த மழமழப்பான பூச்சில், கை எட்டுகிற உயரம் வரைக்கும், ஆணியாலும் சாவியாலும் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். இன்னார் இன்னாரைக் காதலிக்கிறாராம், அதைத் திருமலை நாயக்கர் தெரிந்துகொள்ள வேண்டுமாம்! வெள்ளையடித்து வெள்ளையடித்து மூடினாலும் மறுபடி கீறுகிறார்கள். பிள்ளைகளை உள்ளே விடும்போதே ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள்.

பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கதை உண்டு. மகாராஜாவின் படுக்கையறை என்று ஒரு கூடத்தைக் காட்டி, மேல்கூரையில் ஓர் இடத்தைச் சுட்டுவார்கள். ஒரு கைதேர்ந்த திருடன் அதன் வழியாகக் கன்னம் வைத்து இறங்கி, ராஜாவின் நகைகளை அள்ளிக்கொண்டு போனானாம். ஆளைப் பிடிக்க முடியவில்லை. "நகையைத் திருப்பிக் கொடுத்தால் பரம்பரையாக ஜாகீர் தருகிறேன்" என்று ராஜா தண்டோராப் போட்டார். திருடன் நம்பி வந்தான். சொன்னபடி ஜாகீரைக் கொடுத்த ராஜா, உடனே தலையையும் எடுத்துவிட்டாராம். நடந்ததோ என்னவோ, சொல்லிக் கேட்ட கதை. ஆனால் என் பெண் வீடு வந்து சேரும் வரைக்கும் "வாக்குக் கொடுத்துட்டு அப்படிச் செய்யலாமாம்மா?" என்று குடைந்துகொண்டே வந்தாள். அவள் அப்பாவிடம் கேட்கச் சொல்லிவிட்டேன்.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருவோம். எப்போது போவது, எப்படிப் போவது என்பதில்தான் பார்த்த சந்தோஷம் நிலைப்பதும் கெடுவதும் இருக்கிறது.

மகாலுக்காக மட்டும் மதுரைக்குப் போகாதீர்கள். அது ஒன்றரை மணி நேரச் சமாசாரம். காலையில் மீனாட்சியம்மன் கோயில். அங்கே மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இந்த மூன்றரை மணி நேரத்தில்தான் வெளியூர்க்காரர்கள் வெயிலில் வாடுவது. மகால் கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை திறந்திருப்பது வழக்கம். சாப்பாட்டு வேளையில் கொஞ்ச நேரம் மூடினாலும் மூடுவார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். மராமத்து நடக்கும் சமயங்களில் சில பக்கங்களை அடைத்து வைப்பதும் உண்டு. சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி சுமாருக்கு உள்ளே போனால், மண்டபத்து நிழலும் காற்றும் சொர்க்கம்தான். முற்றத்து வெயிலில் மட்டும் நிற்காதீர்கள், மண்டபத்தை ஒட்டியே சுற்றுங்கள். கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக 2018 முதல் அனுமதியில்லை, வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். போட்டோ ஆசையெல்லாம் மகாலில் தீர்த்துக்கொள்ளலாம்.

பெரியகுளத்திலிருந்தும் தேனியிலிருந்தும் மதுரைக்கு வருகிற பஸ்கள் ஆரப்பாளையத்தில் நிற்கும. அங்கிருந்து டவுன் பஸ். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நாலு பெண்கள் ஆட்டோ பேசிப் போகிற காசில் மத்தியானச் சாப்பாடே முடிந்துவிடும். ரயில் ஆசை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2010 முடிவில் நின்றுபோன மதுரை – போடி ரயில், அகலப்பாதையாக 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் திரும்ப வந்துவிட்டது. ஆண்டிப்பட்டி கணவாயில் மலையைக் குடைந்து போகிற வழி பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் நேரம் ஒருநாள் பயணத்துக்குத் தோதுப்படுகிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் நேரம் நம் அடுப்பங்கரை நேரத்தைப் பார்த்து வைப்பதில்லை.

கைக்குழந்தைக்காரர்களுக்கு: கொதித்து ஆறிய தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பஸ் நிலையங்களில் 2015 முதல் தாய்மார்கள் பாலூட்டும் அறை உண்டு. இறங்கினதும் குழந்தைக்குப் பால் கொடுத்து, துணி மாற்றி, நீங்களும் கழிப்பறை வேலையை முடித்துக்கொண்டே நகரத்துக்குள் கிளம்புங்கள். இதை வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டு, தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, ராத்திரி நீர்க்கடுப்போடு படுக்கிற பெண்கள் எத்தனை பேர்! கட்டுச்சோறு என்றால் புளியோதரை நல்லது, கெடாது. தயிர் சாதத்தைப் பால் ஊற்றிப் பிசைந்து கொஞ்சம் மட்டும் தயிர் விட்டால் மத்தியானம் புளிக்காது. மகாலுக்குள் சாப்பிடக் கூடாது. கூரையெல்லாம் புறாக்கள் வேறு. சின்னவன் புறாவைப் பார்த்துக் கை தட்டியே அரை மணி நேரத்தை ஓட்டினான். அந்த வயசுக்கு அதைவிட வேறு அரண்மனை எதற்கு!

முழங்கால் வலி உள்ள பெரியவர்களைத் தாராளமாக அழைத்துப் போகலாம். முற்றத்திலிருந்து மண்டபத்துக்கு ஏறும் படிகளை மட்டும் நிதானமாக ஏற்றிவிட வேண்டும். என் மாமியார் மாதிரி தூணடியில் உட்கார வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.

போகவேண்டாம் என்று யாருக்குச் சொல்வேன்? ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில், நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு, "வந்ததுதான் வந்தோம்" என்று ஓடிப்போய்ப் பார்க்க வேண்டாம். சித்திரை வைகாசி வெயிலில் பிறந்து ஆறு மாதமாகாத குழந்தையோடு வேண்டாம். கல்யாண ஜவுளி எடுக்கிற நாளில் வேண்டவே வேண்டாம். புடவைப் பை கையில் இருக்கும்போது எந்தப் பெண்ணுக்குத் தூண் கண்ணில் படும்?

சாயங்காலம் மிச்சம் இருந்தால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு ஒரு நடை போங்கள். மகாலுக்கும் அதற்கும் உறவு உண்டு. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளத்தைத்தான் திருமலை நாயக்கர் தெப்பக்குளமாகக் கட்டினார் என்பது மதுரையில் வழங்குகிற செய்தி. அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயிலில் இருக்கிற முக்குறுணிப் பிள்ளையாராம். விநாயகர் சதுர்த்திக்கு மூன்று குறுணி, அதாவது பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து அவருக்குப் படைப்பார்கள். அரைப் படிக்கு மாவு கிளறவே நமக்கு நாக்குத் தள்ளுகிறது! வைகையிலிருந்து வருகிற தண்ணீர்தான் தெப்பக்குளத்துக்கும். வருசநாட்டு மலையில் பிறந்து, 1959 இல் கட்டிய நம் அணையில் தங்கி, இங்கே வந்து சேர்கிற தண்ணீர். படியில் உட்கார்ந்தபோது மாமியார், "நம்ம தண்ணி நமக்கு முந்தியே வந்து உக்காந்துருச்சு" என்றார்.

நாங்கள் கடைசியாகப் பார்த்தது பத்துத் தூண். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகள் நெருக்கியடிக்கிற ஒரு சந்து. அதன் பெயரே பத்துத்தூண் சந்து. கடைகளுக்கு நடுவே, கூரையில்லாமல், அத்தனை உயரத்துக்குப் பத்துத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. இடித்துக்கொண்டு போன ரங்க விலாசத்தில் மிஞ்சியவை என்கிறார்கள். மகாலில் எது இல்லை என்று என் பெண் கேட்டாளோ, அது எத்தனை தூரம் பரந்திருந்தது என்பது இந்தச் சந்தில் நின்றால்தான் விளங்குகிறது. இங்கேயிருந்து மகால் வரைக்கும் நடந்து பார்த்தால், வழியில் இருக்கிற வீடும் கடையும் எல்லாம் ஒரு காலத்தில் அரண்மனைக்குள்ளே! அந்தப் பக்கம் ஒரு தெருவுக்கு இன்னும் நவபத்கானா தெரு என்றே பெயர், ராஜாவின் வாத்தியம் முழங்கிய இடமாம்.

இங்கே டிக்கெட் கிடையாது, நேரமும் கிடையாது. ஒரு தூணை ஒட்டிப் போட்டிருந்த கடையில் மதினி இரண்டு நைட்டி பேரம் பேசினார். முன்னூறு என்றவன் நானூறுக்கு இரண்டு என்று இறங்கும் வரைக்கும் விடவில்லை. பக்கத்திலேயே ஜிகர்தண்டா கிடைக்கும். குளிர்ச்சி ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீமைக் குறைத்துப் போடச் சொல்லி வாங்குங்கள். பெரியகுளம் பஸ்ஸுக்கு இருட்டுவதற்குள் ஆரப்பாளையம் வந்துவிட்டால் உட்கார இடம் கிடைக்கும்.